மைக் செட் மலிந்தது — யாருக்கு லாபம்?

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



பனியன் கம்பெனித் தொழிலாளர் கூட்டத்தில் மைக் செட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. பல்லடம், அவிநாசி, காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர், நோம்பிக் காலம் வந்தால் மைக் செட் கடைக்கு வேலைக்குப் போகிறார்கள். கம்பெனியில் ஆர்டர் இல்லாத மாதத்தில் டெய்லரும் கைமடியும்கூட ஒயர் இழுக்கப் போகிறார்கள். பெட்டி தூக்குகிற அந்த வாலிபர்கள் எங்களிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“பெட்டி விலை வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறது. பெட்டியில் சத்தம் கூடுகிறது. ஆனால் கடைக்காரர் கடனில் கிடக்கிறார். எங்கள் கூலியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இது என்ன கணக்கு?”

நியாயமான கேள்வி. இந்தக் கணக்கை இன்று நாம் எல்லோரும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். போட்டு முடிக்கும்போது, அது மைக் செட் கணக்கு மட்டுமல்ல, பவர் டேபிளின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்முடைய கணக்கும் அதுவே என்பது தெரியும்.

குழாய் கட்டிய காலம்

காந்தியடிகளும் நேருவும் பேசிய கூட்டங்களின் பழைய படங்களில், மைக்கின் மேல் “சிகாகோ ரேடியோ” என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெயரைப் பார்த்து அமெரிக்கக் கம்பெனி என்று நினைக்க வேண்டாம். பம்பாயில் மோத்வானி குடும்பத்தார் நடத்திய கம்பெனி அது. காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டியவர்கள் அவர்கள். 1940-ல் டில்லியில் அகுஜா ரேடியோஸ் தொடங்கியது. நம் ஊர்த் திருவிழாவிலும் கட்சிக் கூட்டத்திலும் வேப்பமரத்தில் கட்டிய குழாயும், மேஜைக்கு அடியில் சூடேறிக் கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரும் பெரும்பாலும் அந்தக் கம்பெனிச் சரக்குத்தான். பக்கத்துக் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு 1941-லேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். நம் நாட்டு மூளைக்கும் கைக்கும் இந்த வேலை தெரியாமல் இருந்ததில்லை.

ஆனாலும் அந்த நாளில் ஒரு முழு செட் என்பது பெரிய சொத்து. அன்னிய நாட்டு மின்னணுச் சரக்கை நினைத்தவுடன் இறக்குமதி செய்ய முடியாது. லைசென்ஸ் வேண்டும், தீர்வை அதிகம். சென்னை ரிட்சி தெருவில் சாமான்களைப் பொறுக்கி எடுத்து, டிரான்ஸ்பார்மரைக் கையால் சுற்றி, ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுத்த தொழிலாளிகளின் திறமையில் பாதி ஊர் பேசிக் கொண்டிருந்தது.

விலை அதிகமாக இருந்ததால் நடந்தது என்ன? கிராமத்தில் செட் வைத்திருந்தவர் பெரும்பாலும் வசதி உள்ளவராகவே இருந்தார். காலனியில் மாரியம்மன் நோம்பி சாட்டினால், மைக் செட்டுக்காக யார் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது, எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். இன்று அதே காலனி வாலிபர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சொந்தமாகப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். சங்கக் கிளைகளும் சின்ன செட் வைத்திருக்கின்றன. கம்பெனி வாசலில் கூட்டம் போட வாடகைக்கு அலைய வேண்டியதில்லை.

ஆகவே ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்கிறோம். பொருள் மலிவாவதை நாம் எதிர்க்கவில்லை. உழைப்பாளி மக்கள் கைக்கு எட்டாதது எட்டுகிறது என்றால் வரவேற்க வேண்டியவர்கள் நாம்தான். நாம் கேட்பது வேறு: விலை எந்த வழியாக இறங்கியது? இறங்கியதன் பலன் யாரிடம் போய்ச் சேர்ந்தது?

விலை இறங்கிய இரண்டு வழிகள்

முதல் வழி, விஞ்ஞானம்.

பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கியவர்களுக்கு அதன் கனம் தெரியும். இரும்புத் தகடும் செம்புக் கம்பியுமாகப் பெரிய டிரான்ஸ்பார்மர் அதன் வயிற்றில் இருந்தது. வாங்கிய கரண்டில் நல்ல பங்கு சத்தமாக மாறாமல் சூடாகவே வெளியே போயிற்று. சூட்டைத் தணிக்க இன்னும் அலுமினியம், இன்னும் விசிறி. இன்றைய ஆம்ப்ளிஃபயரில் டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்சைப் போல நொடிக்குப் பல லட்சம் தடவை போட்டு அணைத்து வேலை செய்கிறது. சூடு குறைவு. கரண்டு கொடுக்கும் பகுதியும் சிறுத்துவிட்டது. ஸ்பீக்கரின் காந்தத்தைப் பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடைமியம் என்ற உலோகம் சேர்ந்த காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். அதே பலம், கனம் மிகக் குறைவு. சாமானைப் பலகையில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பற்றவைத்த கைகளின் இடத்தில் யந்திரம் வந்துவிட்டது.

ஒரு பெட்டியைச் செய்யச் செலவாகும் உழைப்பு நேரம் இப்படிக் குறைந்தது. உழைப்பு நேரம் குறைந்தால் பொருளின் மதிப்பு குறையும். இது மார்க்ஸ் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாலபாடம். இந்த வழியில் வந்த மலிவு மனித குலத்தின் சொத்து. அதில் நமக்குச் சண்டையில்லை.

இரண்டாவது வழி, இடம் மாற்றுவது. எந்த நாட்டில் கூலி குறைவோ, எங்கே சங்கம் வைக்க விடமாட்டார்களோ, அங்கே ஆலையைத் தூக்கிக் கொண்டு போவது. முதலாளிகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து “தொழில்நுட்ப வளர்ச்சி” என்று ஒரே பெயர் சூட்டுகிறார்கள். நாம் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வியன்னாவிலிருந்து சோங்ஷான் வரை

பாட்டுக் கச்சேரிக்காரர்கள் கையில் பிடிக்கும் மைக்குகளில் உலகம் முழுவதும் பெயர் பெற்றது ஷூர் கம்பெனியின் எஸ்.எம்.58. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1925-ல் தோன்றிய கம்பெனி, 1966-ல் வெளியிட்ட மைக். இன்று அந்த மைக் மெக்சிகோ நாட்டில் எல்லை ஓரத்து ஜுவாரஸ் நகரில் தயாராகிறது. அதன் விலை பல ஆண்டுகள் சுமார் 100 டாலரை ஒட்டியே நின்றது. மற்ற எல்லாச் சாமானும் விலை ஏறிய காலத்தில் ஒன்று மட்டும் நின்றது என்றால், உள்ளபடியே அது இறங்கியதாகத்தான் அர்த்தம்.

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரில் 1947-ல் பிறந்த ஏ.கே.ஜி. என்ற கம்பெனியும் மைக்குக்குப் பெயர் போனது. அது அமெரிக்காவின் ஹர்மான் கம்பெனி கைக்குப் போயிற்று. ஜே.பி.எல். ஸ்பீக்கரும் அதே ஹர்மானுக்குச் சொந்தம். 2017-ல் தென்கொரியாவின் சாம்சங் சுமார் 800 கோடி டாலர் கொடுத்து ஹர்மானையே வாங்கியது. அதே வருஷம் வியன்னா ஆலை மூடப்பட்டது. எழுபது ஆண்டு கைத்திறன் வளர்ந்த இடம் அது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் வீட்டுக்குப் போய் உட்காரவில்லை. ஒன்றுசேர்ந்து அதே வியன்னாவில் புதிய மைக் தயாரிக்கும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். கம்பெனிப் பெயரை விலைக்கு வாங்கலாம். வேலை தெரிந்த கையை அப்படி வாங்க முடியாது என்பதற்கு இது சாட்சி.

அடுத்தது பெரிங்கர். 1989-ல் ஜெர்மனியில் தொடங்கியது. மற்றவர்கள் விற்கும் சாமானின் விலையில் சிறு பங்குக்கு விற்பது என்பதே அதன் வழி. உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டு போய், 2000-களின் தொடக்கத்தில் குவாங்டாங் மாகாணத்தில் சோங்ஷான் நகரில் சொந்த ஆலை கட்டியது. சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென்னின் பெயரைத் தாங்கிய ஊர் அது. 2009-ல் இங்கிலாந்தின் புகழ் பெற்ற மைடாஸ் கம்பெனியையும் பெரிங்கரின் தாய்க் கம்பெனியே வாங்கியது. 2012-ல் எக்ஸ்32 என்ற டிஜிட்டல் மிக்ஸரைச் சுமார் 3,000 டாலருக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்யும் மிக்ஸர் பல மடங்கு விலை. உலகத்தில் மைக் செட் தொழில் செய்கிற அத்தனை பேரும் அன்று கையிலிருந்த பழைய மிக்ஸரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் விலை ஒரே நாளில் விழுந்துவிட்டது.

அதே குவாங்டாங் மாகாணத்தில் என்பிங் என்று ஒரு ஊர். சீனாவின் மைக் நகரம் என்றே பெயர். நூற்றுக்கணக்கான கம்பெனிகள், பெரியதும் சிறியதும். ஒருவர் கூடு செய்வார், ஒருவர் கம்பி வலை செய்வார், ஒருவர் பொருத்துவார், ஒருவர் பெயர் அச்சடித்து அட்டைப் பெட்டியில் போடுவார். இதைக் கேட்டவுடன் உங்களுக்கு ஏதாவது ஊர் நினைவுக்கு வருகிறதா? நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், கட்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம், செக்கிங்கும் பேக்கிங்கும் இன்னொரு இடம். ஆம் தோழர்களே, என்பிங் என்பது மைக் தயாரிக்கும் திருப்பூர். திருப்பூர் என்பது பனியன் தயாரிக்கும் என்பிங்.

கடன் பழைய விலையில், வாடகை புதிய விலையில்

இனி நம் ஊர் மைக் செட் கடைக்கு வருவோம்.

கடைக்காரரைப் பெரிய முதலாளி என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலோர் தாமே மிக்ஸரில் உட்கார்ந்து இரவு முழுவதும் கண்விழிக்கிற சிறு உடைமையாளர்கள். மனைவியின் நகையை வைத்து, நிதிக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டு, பெட்டி வாங்கியவர்கள்.

ஒரு கணக்குக்கு வைத்துக் கொள்வோம். ஒருவர் 10 லட்சம் ரூபாய் கடனில் ஒரு செட் எடுக்கிறார். ஐந்து வருஷத் தவணை. ஒரு நிகழ்ச்சிக்கு 20,000 ரூபாய் வாடகை வரும் என்று நம்பி எடுக்கிறார். இரண்டாவது வருஷமே அதே வேலையைச் செய்கிற செட் 6 லட்சத்துக்கு இறங்குகிறது. பக்கத்துத் தெருவில் புதிதாகக் கடை போட்டவர் அதை வாங்கிக் கொண்டு, 13,000 ரூபாய்க்கே நிகழ்ச்சியை ஒப்புக் கொள்கிறார். நம்மவரும் 13,000-க்கு இறங்கியே ஆக வேண்டும். ஆனால் நிதிக் கம்பெனி தவணையை இறக்குமா? இறக்காது. கடன் பழைய விலையில் நிற்கிறது, வாடகை புதிய விலையில் வருகிறது. ஒரு நிகழ்ச்சிக்கு 7,000 ரூபாய் பள்ளம். பெட்டி பழுதாகவில்லை, நன்றாகத்தான் பாடுகிறது. அதன் மதிப்பு மட்டும் போய்விட்டது.

நாளை மறுவருஷம் பக்கத்துத் தெருக்காரருக்கும் இதே கதிதான். 4 லட்சம் ரூபாய் செட்டோடு மூன்றாவது ஒருவர் வருவார்.

இது ஏதோ இன்று நேர்ந்த விபத்தல்ல. 1867-ல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில், யந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் இதை விளக்கியிருக்கிறார். யந்திரம் தேய்வதால் மட்டும் மதிப்பு இழப்பதில்லை. அதே யந்திரத்தை மலிவாகச் செய்ய முடிந்தாலும், அதைவிடச் சிறந்தது போட்டிக்கு வந்தாலும், தேயாமலே மதிப்பு இழக்கிறது என்கிறார். இதனால் யந்திரம் வைத்திருப்பவனுக்கு ஒரு பயம் பிடிக்கிறது. மதிப்பு போவதற்குள் போட்ட பணத்தை எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பான்? வேலை நேரத்தை நீட்டுவான். ஓய்வில்லாமல் ஓட்டுவான்.

மைக் செட் கடையில் நடப்பது இதுதானே? முன்பு நான்கு பேர் போன வேலைக்கு இப்போது மூன்று பேர். காலையில் கல்யாண மண்டபம், மாலையில் வரவேற்பு, நள்ளிரவில் பெட்டியை இறக்கி, விடிவதற்குள் இன்னொரு ஊர்க் கோயிலில் ஏற்ற வேண்டும். தூக்கம் டெம்போவில். பெட்டியின் கனம் குறைந்தது உண்மை. ஏற்றி இறக்கும் பெட்டிகளின் எண்ணிக்கை கூடிவிட்டது. 13,000-க்கு ஒப்புக் கொண்ட கடைக்காரர் தவணையில் குறைக்க முடியாது, டீசலில் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது ஒன்றுதான் — பையன்களின் கூலி. அதோடு இன்னொன்றையும் குறைக்கிறார், பாதுகாப்பை. செம்புக் கம்பி ஒயருக்குப் பதிலாக உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு என்று மலிவு ஒயர் வருகிறது. அதே கனத்துச் செம்புக் கம்பி தாங்கும் கரண்டை அது தாங்காது, சூடேறும், முறியும். மேலே மின்கம்பி, கீழே மழை ஈரம், கையில் இரும்புக் குழாய். ஒரு வாலிபன் உயிருக்கு உத்தரவாதம் சரியான எர்த்தும் ஒரு டிரிப் சுவிட்சும்தான். அந்த டிரிப் சுவிட்ச் இல்லாத செட்டுகள் இன்னும் ஓடிக் கொண்டிருக்கின்றன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்தத் தொழிலின் உண்மை நிலைமை வெளியே தெரிந்தது. கல்யாணக் கூட்டம் இல்லை, நோம்பி இல்லை, பொதுக்கூட்டம் இல்லை. பெட்டிகள் கிடங்கில் தூங்கின. தவணை மட்டும் தூங்கவில்லை. அதை நிறுத்தி வைக்க அனுமதித்த மாதங்களிலும் வட்டி ஏறிக் கொண்டே இருந்தது. மாவட்டம் மாவட்டமாக ஒலி, ஒளி, பந்தல்காரர்கள் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்து நின்றார்கள்.

ஆக, மலிவின் பலன் யாரிடம் போயிற்று? வியன்னாத் தொழிலாளிக்கு வேலை போயிற்று. நம் ஊர்க் கடைக்காரருக்குக் கடன் நின்றது. பெட்டி தூக்குகிறவனுக்குக் கூலி ஏறவில்லை. பிராண்டை வைத்திருக்கும் ஏகபோகக் கம்பெனியும், கடன் கொடுத்த நிதிக் கம்பெனியும் இரண்டு பக்கமும் நின்று பலனை வாரிக் கொண்டன. வாடகை குறைந்ததில் மக்களுக்குக் கொஞ்சம் கிடைத்தது. மறுக்கவில்லை. அந்தக் கொஞ்சத்தையும் பெட்டி தூக்குகிறவனின் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சீனத் தொழிலாளி மேல் கோபமா?

இந்த இடத்தில் சிலர் நம் வாலிபர்களைத் திசை திருப்பப் பார்க்கிறார்கள். “எல்லாம் சீனாக்காரனால் வந்தது, சீனச் சரக்கைப் பகிஷ்கரி” என்று மைக் பிடித்துப் பேசுகிறார்கள். பிடித்திருக்கும் மைக்கின் அடியில் எந்த நாட்டின் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம்!

தோழர்களே, திருப்பூர்த் தொழிலாளி இந்த விஷயத்தில் மற்றவர்களைவிடத் தெளிவாக இருக்க வேண்டும். ஏனென்றால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள துணி ஆலைத் தொழிலாளிக்கு, “வேலையைத் திருடிக் கொண்டு போன அன்னியன்” என்று காட்டப்படுகிறவர்கள் நாம்தான்! 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வந்து திருப்பூர்ச் சரக்கை வாங்கத் தொடங்கினார். அன்று முதல் அங்கே மூடிய தையல் ஆலைகளின் வேலை இங்கே வந்தது. நாம் யாருடைய வேலையையாவது திருடினோமா? இரவு ஷிப்ட் பார்த்தோம், ஞாயிற்றுக்கிழமையும் தைத்தோம், பீஸ் ரேட்டுக்கு முதுகை வளைத்தோம். திருடியது யார் என்பது நமக்குத் தெரியும். சோங்ஷானில் மிக்ஸர் பொருத்தும் பெண்ணும் நம்மைப் போல ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கி வேலை செய்கிறவள்தான்.

அவர்கள் போராடாமல் இருக்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2010 ஜூனில் அதே சோங்ஷான் நகரில் ஹோண்டா கார்களுக்குப் பூட்டுச் செய்யும் ஆலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையும் கேட்டார்கள். அந்த வருஷம் குவாங்டாங் மாகாணத்தில் பல ஆலைகளில் கூலி ஏறியது. கூலி ஏறியதும் மூலதனம் வேறு நாடுகளில் இடம் பார்க்கத் தொடங்கியது. நமக்குப் புதிய கதையா இது? 2005 ஜனவரி 1-ல் துணி ஏற்றுமதிக் கோட்டா முறை ஒழிந்த பின், நம்மிடம் கூலி பேசும்போதெல்லாம் “வங்காளதேசத்துக்கு ஆர்டர் போய்விடும்” என்று பயமுறுத்துகிறார்கள். அங்கே 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த மலிவுக் கூலியைக் காட்டித்தான் நம் கூலியை அமுக்குகிறார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் தீர்வை விதித்தபோது, வாங்குகிற கம்பெனிகள் விலையில் தள்ளுபடி கேட்டன. அந்தத் தள்ளுபடியை எந்தத் தலையில் கட்டப் பார்த்தார்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மைக் செட் கடைக்காரர் 13,000-க்கு இறங்கிய அதே கதை, அளவு மட்டும் பெரியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜே.பி.எல். ஸ்பீக்கரின் சொந்தக்காரர் சாம்சங் என்று சொன்னோம். அதே சாம்சங்கின் ஆலை நம் தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இருக்கிறது. டி.வி., குளிர்பெட்டி, துணி துவைக்கும் யந்திரம் செய்கிற ஆலை. 2024 செப்டம்பர் 9-ல் அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதல் கோரிக்கை சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள். 37 நாள் அசையாமல் நின்றார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. வியன்னாவில் ஆலையை மூடிய அதே கம்பெனியைக் காஞ்சிபுரம் மாவட்டத்து வாலிபர்கள் எதிர்த்து நின்றார்கள். மூலதனம் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு தொழிலாளி வர்க்கத்தை உண்டாக்கியே தீர வேண்டும். அதனிடமிருந்து தப்பி ஓட அதற்கு வேறு உலகம் கிடையாது.

செய்ய வேண்டியது

கணக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதாது. வேலை இருக்கிறது.

முதலாவது, மைக் செட், லைட், பந்தல் வேலை செய்யும் வாலிபர்களைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். இரவு வேலைக்குத் தனி ரேட், இரண்டாவது நிகழ்ச்சிக்கு இரண்டாவது கூலி, சாப்பாடு, வீடு திரும்ப வண்டி. ஒவ்வொரு செட்டிலும் டிரிப் சுவிட்ச், நல்ல எர்த், முழுச் செம்பு ஒயர். மழை பெய்தால் கரண்டை நிறுத்தும் உரிமை வேலை செய்கிறவனுக்கு வேண்டும், விழாக் கமிட்டிக்கு அல்ல. விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு. நல வாரியப் பாதுகாப்பு ஒருவர் விடாமல் எல்லோருக்கும். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. உயிரோடு வீடு திரும்புவதற்கான கோரிக்கைகள்.

இரண்டாவது, சிறு கடைக்காரர்களோடு நாம் பேச வேண்டும். “உங்கள் எதிரி பெட்டி தூக்கும் பையன் அல்ல, பக்கத்துத் தெருக் கடைக்காரரும் அல்ல” என்று விளக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் இதற்குக் கீழே வாடகை இறக்குவதில்லை என்று ஒற்றுமையாக முடிவெடுத்தால் கூலியும் நிற்கும், கடையும் நிற்கும். விலை உயர்ந்த பெட்டியை ஆளுக்கு ஒன்றாகக் கடனில் வாங்கி ஒருவரை ஒருவர் அழித்துக் கொள்வதைவிட, கூட்டுறவாக வாங்கிப் பங்கிட்டு உபயோகிக்கலாம். அப்படி வாங்கினால் விலை விழும்போது நஷ்டமும் பகிர்ந்து போகும், ஒரு குடும்பம் மட்டும் மூழ்காது. கூட்டுறவு பாங்குகள் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும் என்று சர்க்காரைச் சேர்ந்து கேட்போம்.

மூன்றாவது, இந்தச் சாமான்களை நம் நாட்டிலேயே, நியாயமான கூலியில், தரமாகச் செய்ய முடியும். அச்சுத மேனன் முதல் மந்திரியாக இருந்தபோது, 1973-ல் கேரள சர்க்கார் கெல்ட்ரான் என்ற மின்னணு ஸ்தாபனத்தைத் தொடங்கிக் காட்டியது. பொதுத்துறையை விற்பதற்கு ஆள் தேடும் ஆட்சியாளர்கள், பொதுத்துறையில் உற்பத்தி செய்ய ஏன் வழி தேடக் கூடாது? சுதேசி என்றால் சீனத் தொழிலாளியைத் திட்டுவதல்ல. நம் தொழிலாளிக்கு வேலையும் கூலியும் கொடுப்பதுதான் சுதேசி.

நான்காவது, நம் பனியன் தொழிலாளர் கடமை. 1984-ல் பஞ்சப்படிக்காக இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றும், “தொழில் போய்விடும், ஊர் அழிந்துவிடும்” என்றார்கள். ஊர் அழியவில்லை, அதன் பிறகுதான் ஏற்றுமதி பன்மடங்கு வளர்ந்தது. பீஸ் ரேட் ஒப்பந்தம் பேச உட்காரும் ஒவ்வொரு தடவையும் “போட்டி, போட்டி” என்று ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். அப்போது நாம் பதில் சொல்ல வேண்டும்: “போட்டி உங்களுக்குள். அதன் செலவை எங்கள் சம்பளத்தில் எழுதாதீர்கள். யந்திரத்தால் வந்த மலிவைப் பங்கு போடுவோம். கூலியைக் குறைத்து வரும் மலிவை ஒப்புக் கொள்ள மாட்டோம்.”

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, இது உங்கள் பேச்சும்கூட. அறுவடை யந்திரம் வந்தபோது வேலை நாள் குறைந்தது; கூலி அதற்கேற்ப ஏறவில்லை. யந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. வயலிலும் அதே கேள்வி, கம்பெனியிலும் அதே கேள்வி, கோயில் திடலில் கட்டியிருக்கும் பெட்டியிலும் அதே கேள்வி.

சோங்ஷான் தொழிலாளி கூலி ஏற்றினால் திருப்பூர்த் தொழிலாளியின் கழுத்திலிருக்கும் கயிறு ஒரு விரல் தளர்கிறது. திருப்பூரில் நாம் கூலி ஏற்றினால் டாக்கா நகரத்துத் தையல்காரியின் கழுத்துக் கயிறு தளர்கிறது. முதலாளிகள் நம்மை ஒருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்தி விலை பேசுகிறார்கள். நாம் எல்லா ஊரிலும் கூலியை உயர்த்திக் கேட்டால், ஓடி ஒளிய அவர்களுக்கு இடம் இருக்காது. சர்வதேசியம் என்று நம் கட்சி சொல்வது இதைத்தான். அது பனியன் கம்பெனிச் சம்பளக் கவரில் தெரியும் விஷயம்.

வருகிற மாதத்தில் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள மைக் செட் கடைகளுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கடையிலும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்ன கூலி, எத்தனை மணி நேரம், டிரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று எழுதிக் கொண்டு வர வேண்டும். அந்தக் கணக்கை வைத்து அடுத்த கூட்டத்தில் கோரிக்கைப் பட்டியல் தயாரிப்போம். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த வேலையில் இருந்தால், அவனையும் அன்று கையோடு அழைத்து வாருங்கள்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!